வாயடைத்த சிப்பாய்கள்

பரீட்சைக் காய்ச்சல் என்று நம் வீடுகளில் ஒரு வியாதி உண்டு. வைத்தியப் புத்தகங்களில் அதற்கு அந்தப் பெயர் இல்லை. ஆனால் பங்குனி மாதத்தில் அது எட்டிப் பார்க்காத தெரு கிடையாது. காலையில் பையன் எழுந்திருக்கும்போதே வயிற்றைப் புரட்டுகிறது என்கிறான். இட்லியைப் பிட்டவன் அப்படியே வைத்துவிடுகிறான். கை சில்லிட்டிருக்கிறது. "ஒன்றுமில்லை, எல்லாம் பாசாங்கு" என்கிறார் அப்பா. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இல்லை, உடம்பு கணகணவென்றுதான் இருக்கிறது" என்கிறாள். இருவரில் யார் சொல்வது சரி?

இந்தச் சின்ன வழக்கை ஒரு பேரரசின் ராணுவம் நான்கு வருஷ காலம் விசாரித்தது என்றால் நேயர்கள் நம்பமாட்டார்கள். அந்தப் பையன்களும் இளவட்டங்கள்தாம். பதினெட்டு, இருபது, இருபத்தைந்து வயது. அங்கே பாசாங்கு என்று தீர்ப்பாகிவிட்டால் கிடைத்தது இரண்டு அடி அல்ல, துப்பாக்கிக் குண்டு. நீலகிரித் தோடர்களைப் பற்றி எதையோ தேடப் போய்த்தான் நான் இந்தக் கதைக்கு வந்து சேர்ந்தேன். தோடர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பது போகப் போகத் தெரியும்.

முதல் உலக யுத்தத்துக்கு முன்பே இந்த வியாதியைச் சிலர் பார்த்திருந்தார்கள். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டு யுத்தத்தில், பிலடெல்பியா நகரத்து ராணுவ ஆஸ்பத்திரிக்கு இளம் சிப்பாய்கள் மார்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, நாலடி நடந்தால் களைக்கிறது என்றார்கள். டா காஸ்டா என்ற டாக்டர் அவர்களைச் சோதித்தார். இருதயத்தில் எந்தக் கோளாறும் தென்படவில்லை. முந்நூறு பேருடைய விவரங்களைத் தொகுத்து 1871இல் ஒரு கட்டுரை எழுதினார். அந்த நோய்க்குச் 'சிப்பாயின் இருதயம்' என்று பின்னால் ஒரு செல்லப் பெயரும் கிடைத்தது. அதற்குமேல் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

1914இல் பெரிய யுத்தம் மூண்டது. அதற்கு முந்தைய யுத்தங்களில் படைவீரன் ஓடினான், பாய்ந்தான், வெட்டினான். இந்த யுத்தத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஆள் உயரத்துக்கு அகழி வெட்டி, அதற்குள் சேற்றிலும் எலிகளுக்கு நடுவிலும் நாள் கணக்காக உட்கார்ந்திருந்தான். பல மைலுக்கு அப்பால், கண்ணுக்கே தெரியாத பீரங்கி ஒன்று அவனைத் தேடிக்கொண்டிருக்கும். அடுத்த குண்டு எங்கே விழும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை இல்லை. எழுந்து ஓடினால் சொந்த ராணுவமே தண்டிக்கும். எதிர்த்து நிற்கலாம் என்றால் எதிரே ஆள் இல்லை.

யுத்தம் தொடங்கிச் சில மாதங்களுக்குள் ஆஸ்பத்திரிகளில் விசித்திரமான நோயாளிகள் வந்து குவியத் தொடங்கினார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் கால் விழுந்துவிட்டது. கண் நன்றாயிருக்கிறது, பார்வை இல்லை. நாக்கும் தொண்டையும் சரியாயிருக்கின்றன, பேச்சு இல்லை. சிலருக்குத் தலை முதல் பாதம் வரை ஓயாத உதறல். 'வாயடைத்துப் போனான்', 'பேயறைந்தாற்போல் நின்றான்', 'ஈரக்குலை நடுங்கிற்று' என்றெல்லாம் நாம் கதைகளில் தாராளமாக எழுதித் தள்ளுகிறோம். எழுதும்போது நமக்கு அது வெறும் பேச்சு வழக்கு. அங்கே அது எழுத்துக்கு எழுத்து நடந்தது.

பிரெஞ்சுக் கடற்கரையில் லெ தூக்கே என்ற ஊரில் ஒரு சூதாட்ட மாளிகையை ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். அங்கே சார்லஸ் மையர்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் மனோதத்துவ அறிஞர் வேலை பார்த்தார். 1915 பிப்ரவரியில் 'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகையில் மூன்று நோயாளிகளைப் பற்றி அவர் எழுதினார். முதல்வனுக்கு வயது 20. முள்கம்பி வேலியில் மாட்டிக்கொண்டு தவிக்கும்போது அவனைச் சுற்றிக் குண்டுகள் வெடித்தன. அதிலிருந்து பார்வை மங்கிக் குறுகிவிட்டது, வாசனை தெரியவில்லை, நாக்கில் ருசி இல்லை. மற்ற இருவருக்கும் ஏறக்குறைய அதே கதைதான். அந்தக் கட்டுரைத் தலைப்பில்தான் 'ஷெல் ஷாக்', அதாவது குண்டு அதிர்ச்சி என்ற பெயர் வைத்திய உலகத்தில் முதன்முதலாக அச்சேறியது.

மையர்ஸ் கவனித்த ஒரு விஷயம் என்னை வெகு நேரம் யோசிக்க வைத்தது. மூன்று பேருக்கும் காது மட்டும் ஏறக்குறையச் சரியாகவே கேட்டது! வெடிச் சத்தத்தால் வந்த கேடு என்றால் முதலில் போயிருக்க வேண்டியது காது அல்லவா? கண்ணும் மூக்கும் நாக்கும் ஏன் போக வேண்டும்? துப்பறியும் கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல தடயம் கிடைக்காது.

ஆனால் தடயத்தை எல்லோரும் ஒரே மாதிரி வாசிக்கவில்லை. வெடியின் காற்றழுத்தம் மூளையைக் கண்ணுக்குத் தெரியாமல் சேதப்படுத்துகிறது என்று பிரெடரிக் மாட் என்ற பெரிய டாக்டர் கருதினார். ராணுவத்துக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. காயம் என்றால் கௌரவம் அல்லவா? பிறகு, குண்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே போகாத பையன்களும் அதே உதறலோடு வந்து சேர்ந்தார்கள். மையர்ஸே தாம் பிரபலப்படுத்திய பெயர் தவறு என்று உணர்ந்தார். குண்டு இல்லாமலே குண்டு அதிர்ச்சி வருமானால் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?

அதே 1915ஆம் வருஷம் அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் ஹார்வர்டு சர்வகலாசாலையில் வால்டர் கானன் என்பவர் பயத்தையும் கோபத்தையும் பற்றிய தம்முடைய புத்தகத்தை வெளியிட்டார். பல வருஷங்களுக்கு முன்பே அவர் ஒரு பூனைக்கு உணவு கொடுத்து, எக்ஸ்ரே மூலம் அதன் இரைப்பை அசைவதைப் பார்த்தவர். பூனை கலவரமடைந்தவுடன் இரைப்பை அப்படியே நின்றுபோயிற்று. (பரீட்சை நாளன்று இட்லி இறங்காததன் ரகசியம் அந்தப் பூனையின் வயிற்றில் இருக்கிறது!) பயம் வந்தால் சிறுநீரகங்களின் தலைமேல் இருக்கும் இரண்டு சிறு சுரப்பிகள் அட்ரினலின் என்ற சரக்கை ரத்தத்தில் கொட்டுகின்றன. இருதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு விரைகிறது, வயிற்றுக்குப் போக வேண்டிய ரத்தம் கை கால் தசைகளுக்குத் திரும்புகிறது. எல்லாம் ஓடுவதற்கு அல்லது சண்டை போடுவதற்கான ஏற்பாடு. புலியைக் கண்ட மனிதனுக்கு இது உயிர் காக்கும் வரம். ஓடவும் முடியாமல், சண்டை போடவும் முடியாமல், அகழியில் வாரக் கணக்காக உட்கார்ந்திருப்பவனுக்கு? வண்டியைப் பூட்டிச் சாட்டையால் அடித்துக்கொண்டே சக்கரத்துக்குக் கட்டை போட்டது மாதிரிதான்.

ராணுவத் தலைமைக்கு உடற்கூறு பற்றிய கவலை இல்லை. கணக்கைப் பற்றிய கவலை. எதிரியின் வெடியால் நேர்ந்தது என்றால் சீட்டில் ஓர் எழுத்து. அவன் காயம் பட்டவன், சட்டைக் கையில் பட்டை குத்திக்கொள்ளலாம், பென்ஷன் உண்டு. வெடி இல்லாமல் வந்தது என்றால் வேறு எழுத்து. அவன் வெறும் நோயாளி, கௌரவமும் இல்லை, பென்ஷனும் சந்தேகம். 1916 ஜூலை முதல் தேதி சோம் நதிப் பிரதேசத்தில் பெரிய தாக்குதல் ஆரம்பமாயிற்று. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் செத்தும் காயம் பட்டும் காணாமலும் போனார்கள். மாண்டவர்கள் மட்டும் 19,240. அதற்குப் பிறகு உதறலோடு வந்தவர்களின் கூட்டம் ஆஸ்பத்திரிகளில் கொள்ளவில்லை. 1917 ஜூனில் மேலிடம் ஓர் உத்தரவு போட்டது: குண்டு அதிர்ச்சி என்ற சொல்லையே யாரும் சீட்டில் எழுதக் கூடாது, 'இன்னும் நிர்ணயிக்கப்படவில்லை, நரம்பு' என்று எழுதினால் போதும். பெயரை எடுத்துவிட்டால் வியாதி போய்விடும் என்று நினைக்கிற சர்க்கார்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

ஊமையானவனை எப்படிப் பேச வைப்பது? லண்டனில் குவீன் ஸ்கொயர் நரம்பு ஆஸ்பத்திரியில் லூயிஸ் யெல்லண்ட் என்ற இளம் டாக்டருக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. 1918இல் அவரே அதைப் பெருமையோடு புத்தகமாக எழுதியிருக்கிறார். மோன்ஸ் யுத்தம் முதல் கலிப்போலி வரை பல களங்களைப் பார்த்துவிட்டு, கடைசியில் சலோனிகாவில் மயங்கி விழுந்த ஒரு 24 வயதுச் சிப்பாய் ஒன்பது மாதமாகப் பேசவில்லை. அதற்குள் பல சிகிச்சை நடந்திருந்தது. நாற்காலியில் கட்டிப் போட்டுக் கழுத்தில் மின்சாரம் பாய்ச்சியிருந்தார்கள். நாக்கில் எரியும் சிகரெட்டால் சுட்டும் பார்த்திருந்தார்கள். யெல்லண்ட் அவனை இருட்டறைக்கு அழைத்துப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். பேசினால்தான் இந்த அறையை விட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டுத் தொண்டைக்குள் மின்சாரம் பாய்ச்சினார். முதல் அதிர்ச்சியில் அவன் பின்னால் தூக்கி எறியப்பட்டான். கம்பிகளே அறுந்து வந்தன. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு முனகல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. மேலும் மேலும் மின்சாரம். கடைசியில் பேச்சு வந்தது. உடனே இடது கை உதறத் தொடங்கியது. அந்தக் கைக்கு மின்சாரம் வைத்தார். உதறல் வலது கைக்குப் போயிற்று. அங்கே வைத்தார், காலுக்கு இறங்கிற்று. நம் ஊரில் வேப்பிலை அடித்துப் பேயோட்டுவதை நேரில் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நான்கு மணி நேரத்துக்குப் பிறகு எல்லாம் நின்றது. அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான் என்று டாக்டர் எழுதுகிறார்.

யெல்லண்ட் கொடியவர் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படிச் சொல்ல முழு மனம் வரவில்லை. அவன் பாசாங்கு செய்கிறான் என்று அவர் சொல்லவில்லை, குணப்படுத்தத்தான் நினைத்தார், பேச்சும் வந்தது. ஒன்றை மட்டும் அவர் கேட்கவில்லை. ஒன்பது மாதம் பேசாதவனுக்குச் சொல்ல என்ன இருந்தது என்பதை.

அதைக் கேட்டவர்தான் நம் நீலகிரிக்கு வந்து போனவர். பெயர் வில்லியம் ரிவர்ஸ். மையர்ஸின் ஆசிரியர், இருவரும் 1898இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் ஜலசந்தித் தீவுகளுக்கு ஆராய்ச்சிக்காகச் சேர்ந்து போனவர்கள். 1901-02இல் ரிவர்ஸ் நீலகிரியில் தங்கித் தோடர்களின் மந்துகளுக்குப் போய், அவர்களுடைய எருமைப் பால் சடங்குகளையும் குடும்ப வம்சாவளிகளையும் குறித்துக்கொண்டார். 1906இல் வெளிவந்த அவருடைய பெரிய புத்தகத்தைத் தோடர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் தாண்டிப் போக முடியாது. வம்சாவளி எழுதப் போனவருக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. இறந்துபோன தம் முன்னோரின் பெயரை வாயால் உச்சரிப்பது தோடர்களுக்கு ஆகாது. ரிவர்ஸ் வற்புறுத்தவில்லை. ஒரு குடும்பத்தின் கதையை வேறொரு குடும்பத்தாரிடம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். சொல்ல முடியாததற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று அறிந்தவர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய தகப்பனார் திக்குவாயைத் திருத்துவதில் பெயர் பெற்ற பாதிரியார். பிள்ளைக்கோ ஆயுள் முழுவதும் திக்குவாய்!

இப்படிப்பட்டவர் 1915இல் லிவர்பூல் நகருக்கு அருகே மாகல் ஆஸ்பத்திரியில் சாதாரணச் சிப்பாய்களைப் பார்த்தார். 1916 கடைசியிலிருந்து ஓராண்டு எடின்பரோவில், அதிகாரிகளுக்கென்றே ஏற்பட்ட கிரெய்க்லாக்கார்ட் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டு இடங்களையும் ஒப்பிட்டபோது ஓர் உண்மை தெரிந்தது. சிப்பாய்களுக்குப் பேச்சு நின்றது, கை கால் விழுந்தது. அதிகாரிகள் ஊமையாகவில்லை, அவர்கள் திக்கினார்கள், தூக்கம் கெட்டார்கள், கெட்ட கனாக் கண்டு அலறினார்கள். சிப்பாய்க்குக் கற்பித்தது கீழ்ப்படிதல் ஒன்றுதான். அவனுக்கு வேண்டியது அந்த இடத்தை விட்டுத் தப்புவது. கால் விழுந்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது. அவன் திட்டமிட்டு அப்படிச் செய்யவில்லை, அவன் உடம்பு செய்தது. அதிகாரி தன்னிடம் ஒப்படைத்த முப்பது நாற்பது பேருடைய உயிருக்குப் பொறுப்பாளி. பயத்தை வெளியே காட்டக் கூடாது என்று பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கப்பட்டவன். ஆகையால் பயம் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

ரிவர்ஸின் சிகிச்சை மிகவும் சாதாரணமானது. எல்லாவற்றையும் மறந்துவிடு, வேறு எதையாவது நினை என்றுதான் மற்ற டாக்டர்கள் சொன்னார்கள். மறக்க முயலாதே, என்னிடம் சொல் என்றார் இவர். ஓர் இளம் அதிகாரி காணாமற்போன நண்பனைத் தேடிப் போய், அவனைக் குண்டு சிதைத்த துண்டுகளாகக் கண்டவர். இரவில் கண்ணை மூடினால் அந்த உடல்தான் வந்தது, தூங்கப் பயந்தார். ரிவர்ஸ் ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. நண்பனின் உடல் இருந்த நிலையே அவன் ஒரு கணமும் வேதனைப்படாமல் இறந்ததற்கு அத்தாட்சி அல்லவா என்று மட்டும் எடுத்துக் காட்டினார். அந்த மனிதரின் முகம் தெளிந்தது. சில இரவுகள் கனவே வரவில்லை. பிறகு வந்த கனவில் அவர் நண்பனின் பக்கத்தில் போய் மண்டியிட்டு, அவன் மேலிருந்த பொருள்களை ஒவ்வொன்றாகப் பத்திரமாக எடுத்து வைத்தார். விழித்தபோது துக்கம் இருந்தது, திகில் இல்லை.

எல்லோருக்கும் இப்படி நடக்கவில்லை. வெடியில் தூக்கி எறியப்பட்டு, பல நாளாகக் கிடந்த ஒரு பிணத்தின் மேல் முகம் புதைய விழுந்த ஓர் இளைஞர் இருந்தார், விவரம் வேண்டாம். சாப்பாட்டை வாயில் வைத்தாலே அந்த ருசியும் நாற்றமும் திரும்பின, வாந்தி எடுத்தார். அந்த அனுபவத்தில் ஆறுதலுக்கென்று பிடித்துக்கொள்ள ஒரு துரும்புகூட ரிவர்ஸுக்கு அகப்படவில்லை. கடைசியில் அவர் ராணுவத்தை விட்டு விலகிக் கிராமப்புறத்துக்குப் போய் நிம்மதி தேடினார். தோற்றுப்போன கேஸையும் ரிவர்ஸ் மறைக்காமல் எழுதிவைத்தார். அதனாலேயே அவர்மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

ஆனால் அவரும் ராணுவ உடுப்புப் போட்டவர். தேறியவர்கள் எங்கே போவார்கள்? மறுபடி அகழிக்குத்தான். யுத்தத்தை நிறுத்தச் சொல்லி அறிக்கை விட்டதற்காக 1917 ஜூலையில் அங்கே அனுப்பப்பட்ட கவிஞர் சசூன் அவருடைய நோயாளி. திரும்பப் போனார், பிழைத்தார். அதே ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டரிடம் குணமடைந்த வில்பிரட் ஓவன் என்ற இளம் கவிஞரும் திரும்பப் போனார். யுத்தம் முடிய ஏழு நாள் இருக்கும்போது, 1918 நவம்பர் 4ஆம் தேதி, 25 வயதில் மாண்டார். சமாதான மணி அடித்துக்கொண்டிருந்த நாளில்தான் பெற்றோருக்குத் தந்தி வந்தது.

அதிகாரிகளுக்குத் திக்குவாயுள்ள ஒரு டாக்டராவது கிடைத்தார். சிப்பாய் ஹாரி ஃபாருக்கு யார் கிடைத்தார்கள்?

ஹாரி ஃபார் வெஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவைச் சேர்ந்தவர். 1915இல் உதறல் கண்டு ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டுக்கு அவருடைய கடிதம் வந்தபோது மனைவிக்கு ஆச்சரியம். கையெழுத்து வேறு யாருடையதோ. நன்றாக எழுதத் தெரிந்தவர்தான்; பேனாவைப் பிடிக்க முடியாமல் கை ஆடியதால் ஒரு நர்ஸ் எழுதித் தந்திருந்தாள். குணமாகிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். 1916இல் மறுபடி இரண்டு தரம் நரம்புத் தளர்ச்சிக்குச் சிகிச்சை. செப்டம்பர் 17ஆம் தேதி சோம் களத்தில் முன்னணிக்கு நடக்கச் சொன்னபோது, என்னால் தாங்க முடியவில்லை என்று நின்றுவிட்டார். இழுத்துப் போகப் பார்த்தார்கள். திமிறிக்கொண்டு பின்னால் ஓடினார்.

அக்டோபர் 2ஆம் தேதி ராணுவ நீதிமன்றம் கூடியது. விசாரணை சுமார் இருபது நிமிஷம். அவருக்காக வாதாட ஒருவரும் இல்லை. அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் காயம் பட்டு வேறெங்கோ கிடந்தார். கோழைத்தனம் என்று தீர்ப்பு. தளபதி ஹெய்க் கையெழுத்திட்டார். அதே மாதத்தில் ஒரு விடியற்காலையில் ஹாரி ஃபாரைச் சுட்டுக் கொன்றார்கள். கண்ணைக் கட்ட வேண்டாம் என்று அவர் சொன்னார் என்கிறார்கள். கோழை! வயது 25.

அந்த யுத்தத்தில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றங்கள் மூவாயிரத்துக்கு மேற்பட்ட மரண தண்டனைகள் விதித்தன. பத்தில் ஒன்பது பங்கு குறைக்கப்பட்டது. ஓடிப்போனது, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காக 306 பேர் சுடப்பட்டார்கள். அவர்களில் ஹெர்பர்ட் பர்டன் என்ற பையனுக்கு வயது 17தான். யுத்தம் முடிந்தபின் சவுத்பரோ பிரபுவின் தலைமையில் ஒரு கமிட்டி உட்கார்ந்து 1922இல் அறிக்கை கொடுத்தது. குண்டு அதிர்ச்சி என்ற பெயரை ஒழிக்க வேண்டும் என்று அதுவும் சொல்லிற்று. ஓடிப்போனதற்கும் கோழைத்தனத்துக்கும் மரண தண்டனை 1930இல்தான் சட்டத்திலிருந்து போயிற்று. உறுப்பில் சேதமில்லாமல் அது வேலை செய்யும் விதம் மட்டும் பிசகிப் பேச்சும் நடையும் நிற்பதை இன்று நரம்பு டாக்டர்கள் உண்மையான நோயாகவே ஏற்கிறார்கள். பாசாங்கிலிருந்து அதைப் பிரித்துச் சொல்லச் சோதனைகளும் வைத்திருக்கிறார்கள்.

ஹாரி ஃபாரின் மனைவி கெர்ட்ரூடுக்குச் சர்க்காரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கணவன் கோழைத்தனத்துக்காகச் சுடப்பட்டான் என்று. பென்ஷன் நின்றது. சிறு குழந்தையோடு வீட்டை இழந்து வேலைக்காரியாகப் போனாள். அந்தக் கடிதத்தைப் பற்றி வெகுகாலம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மகள் நடுவயதுக்கு வந்த பிறகுதான் விஷயம் அவள் காதுக்கு எட்டியது. தாய் 1993இல் காலமானாள். மகள் விடவில்லை, குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். 2006இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 306 பேருக்கும் மன்னிப்பு அளித்துச் சட்டம் செய்தது. அப்போது அந்தக் குழந்தைக்கு வயது 93.